குளிராத கால்கள்

நவம்பர் 6, ஞாயிறு

மலையில் இந்த வருடத்து முதல் உறைபனி. பாதையோரப் புல்லெல்லாம் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

கி-போம் புதுக் கோட்டோடு வந்து இறங்கினான். எங்கள் சைக்கிள் குழுவில் அவன்தான் சின்னவன். கடையில் எதைத் தொங்கவிட்டாலும் வாங்கிவிடுவான். உள்ளே இரண்டு கம்பளி, மேலே வாத்திறகு அடைத்த கோட்டு.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு வட துருவத்துக்கே போலாம்னு கடைக்காரன் சொன்னான்."

"தாராளமா போ. சைக்கிள்ல மட்டும் போகாத."

கேட்டால்தானே. முதல் ஏற்றம் முடிவதற்குள் வியர்வையில் தொப்பலாகிவிட்டான். தேர்யோங் மலை உச்சியில் காற்று வந்து மோதியதும் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. என் பையில் இருந்த உலர்ந்த உள்சட்டையைக் கொடுத்து மாற்ற வைத்தேன்.

நான் சலவைக்கடைக்காரன். துணி என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவனைக் கவிழ்ப்பது அவனுடைய சொந்த வியர்வைதான். வாசலில் நிற்கும்போது லேசாக நடுங்க வேண்டும். அப்படி நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். மிச்சத்தை ஏற்றம் பார்த்துக்கொள்ளும். "உடம்பு சொல்றதைக் கேளுடா, கடைக்காரன் சொல்றதைக் கேக்காத" என்றேன் அவனிடம். குழுத் தலைவர் பாங் சிரித்துக்கொண்டே, "டிரெஸ் விஷயத்துல பில்-கு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எல்லோர் முன்னாலும். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே.

நவம்பர் 8

மனைவி இன்-ஜாவோடு மறுபடி பாய்லர் சண்டை. வீட்டுத் தரைக்கடியில் பாய்லர் வெந்நீர் ஓடும்; நான் அந்தத் தரைச்சூட்டை ஏற்றுகிறேன், அவள் இறக்குகிறாள்.

"என்னங்க, தரை கொதிக்குது. கால வைக்க முடியல."

"எனக்குச் சூடே தெரியல."

"உங்க கால்ல இருக்கிறது தோலா, ரப்பரா?"

நாள் முழுக்க இஸ்திரி மேசை முன்னால் நின்று காய்த்துப்போன கால் என்றேன். அவள் தன் போர்வையை இழுத்துக்கொண்டு அறையின் மறு கோடிக்குப் போய்விட்டாள். பாய்லர் ஆளை வரச்சொல்ல வேண்டும்.

நவம்பர் 13, ஞாயிறு

புது ஷூ வந்துவிட்டது. குளிர்காலத்துக்கென்றே செய்தது. கணுக்கால் வரை மூடும், காற்று புகாது. இதுவரை பழைய ஷூவுக்கு மேல் உறை மாட்டி, காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, எல்லாம் செய்து பார்த்தவன் நான். போன மார்கழிக் குளிரில் விரல்கள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது நினைவிருக்கிறது.

இன்று உச்சியில் எல்லோரும் கால்களைத் தரையில் தட்டித் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன். தலைவர் பொறாமையோடு பார்த்தார். "கால் குளிரலையா?" "துளிகூட இல்ல தலைவரே. ஷூ அப்படி."

நல்ல பொருள் நல்ல பொருள்தான்.

நவம்பர் 19

ஒரு சின்ன விஷயம். எழுதாமல் விட்டாலும் ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் கடையை மூடிவிட்டுக் காலுறையைக் கழற்றினேன். இன்-ஜா எதிரில் உட்கார்ந்து கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஊசியை வைத்துவிட்டு என் காலைப் பிடித்தாள். பாதத்தில் ஒரு குண்டூசி. தலை மட்டும் வெளியே தெரிந்தது. கால்சட்டை மடிக்கக் குத்துகிற ஊசி, கடைத்தரையில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

"வலிக்கலையா?"

"காய்ப்புல குத்தியிருக்கு. காய்ப்புக்கு ஏது வலி."

அவள் அதைப் பிடுங்கினாள். முனையில் ரத்தம் இருந்தது. ஊசியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சர்க்கரை மாத்திரை போடுறீங்களா, இல்லையா?" என்றாள். போடுகிறேன் என்றேன். ஞாபகம் வருகிற அன்றைக்குப் போடுகிறேன்தானே.

நவம்பர் 27

இன்-ஜா தங்கை வீட்டுக்குக் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி போடப் போனாள். கடையில் நான் மட்டும். சர்க்கரை கலந்த பாக்கெட் காபி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவளிடம் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

கி-போம் என்னைப் பார்த்து அதே ஷூவை வாங்கிவிட்டான். அதே கம்பெனி, அதே ரகம். உச்சியில் நொண்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, ஏமாத்திட்டீங்க. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. இது என்ன ஷூ."

"காலுறை தப்பா போட்டிருப்ப. காட்டு."

கழற்றினான். காலுறை சரியாகத்தான் இருந்தது. நான் போட்டிருப்பதைவிடத் தடிமனே. இறுக்கமாகக் கட்டியிருப்பாய், ரத்தம் ஓடியிருக்காது என்றேன். லேசாகத்தான் கட்டியிருந்தான். அப்படியானால் உனக்கு ரத்தமே இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

வண்டியில் திரும்பும்போது ஒரு நிமிடம் யோசித்தேன். அதே ஷூ. அதே மலை. அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன் நான். எனக்கு ஏன் குளிரவில்லை?

பழக்கம்தான். வேறென்ன.

டிசம்பர் 11, ஞாயிறு

இந்தக் குளிர்காலத்திலேயே கடுமையான நாள். ஏரி ஓரமெல்லாம் உறைந்துவிட்டது. "இன்னிக்கு வேணாமே" என்றாள் இன்-ஜா. இப்படிப்பட்ட நாளில்தானே உடுத்தத் தெரிந்தவன் யார் என்று தெரியும்.

நிதானமாக உடுத்தினேன். எனக்கு ஓட்டுவதைவிட இந்த ஒரு மணி நேரம்தான் பிடிக்குமோ என்றுகூடச் சில நாள் தோன்றும். தோலை ஒட்டி மெல்லிய உள்சட்டை. பருத்தி கூடவே கூடாது, நனைந்தால் உலராது. அதன் மேல் லேசான கம்பளி. மேலே முன்பக்கம் மட்டும் காற்றைத் தடுக்கிற சட்டை; முதுகில் வியர்வை வெளியேற வழி இருக்க வேண்டும். கழுத்துக்கு ஒரு குழாய்த் துணி, மூக்கு வரை இழுக்கலாம். மூக்கை மூடினால் கண்ணாடியில் ஆவி படியும், அதனால் ஏற்றத்தில் இறக்கிவிடுவேன். ஹெல்மெட்டுக்குள் காது மூடும் குல்லாய். கைக்கு மெல்லிய உறைதான், ஏனென்றால் கைப்பிடியிலேயே பெரிய உறை மாட்டியிருக்கிறேன். வாத்திறகுக் கோட்டு பைக்குள், உச்சியில் நிற்கும்போது மட்டும் போட. உலர்ந்த உள்சட்டை ஒன்று. கடைசியாக, காலுறைக்கு மேல் விரல் பக்கம் ஒட்டுகிற சூட்டுப்பட்டை, காற்று பட்டால் தானே சூடாவது. ஷூவுக்குள் காற்று அதிகம் கிடைக்காது, அதனால் பட்டை மெதுவாகத்தான் சூடாகும், பல மணி நேரம் தாங்கும். இதையும் நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

வாசலில் நின்றேன். நடுங்கினேன். சரி என்று கிளம்பினேன்.

மலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. டயர்க் காற்றைக் குறைத்திருந்தோம், பனி முறுக்கு மெல்லுகிற சத்தத்தோடு அடியில் நொறுங்கியது. யாரும் விழவில்லை. இறங்கியதும் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் ஏறி உட்கார்ந்தோம். தரை நல்ல சூடு என்றார்கள். காரக் குழம்பும் மக்கொல்லி அரிசிக்கள்ளும். கொஞ்ச நேரத்தில் கி-போம் துள்ளி எழுந்தான். "ஐயோ, சுடுது, சுடுது." காலுறையிலிருந்து பட்டையைப் பிய்த்து எறிந்தான். ஷூவை விட்டு வெளியே வந்ததும் பட்டைக்குக் காற்று கிடைத்துவிட்டது, கீழே தரைச்சூடு வேறு. ஒவ்வொருவராகப் பிய்த்தார்கள். தலைவர்கூட. நான் சம்மணம் போட்டபடியே அடுத்த கிண்ணத்தை ஊற்றினேன்.

"பூப்போலப் பாதங்களப்பா உங்களுக்கு" என்றேன்.

குழு முழுக்கச் சிரித்தது. இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நல்ல நாள்.

டிசம்பர் 12

காலுறை காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இல்லை, முறையாக எழுதுகிறேன். நேற்று களைப்பில் காலுறையோடே படுத்துவிட்டேன். காலையில் கழற்றப்போனால் வலது காலில் வரவில்லை. இழுத்தேன், வந்தது, கூடவே தோலும் வந்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மேல்பக்கம் வெள்ளையாக, மெழுகு மாதிரி. ஓரத்தில் கொப்புளம்.

வலிக்கவில்லை.

பிய்ந்த தோலைப் பார்க்கிறேன், வலிக்கவில்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்கு. இது எப்போலேர்ந்து? எப்போலேர்ந்து இப்படி?

இன்-ஜா பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கடையைத் தொறக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் 13

டாக்டர் சின்னப் பெண். மரியாதையாகப் பேசினாள். சூட்டுப்பட்டைதான் காரணம்; குறைந்த சூடு, நீண்ட நேரம், அதனால்தான் ஆழமாக வெந்துவிட்டது என்றாள். எனக்கு விளங்கியது. இஸ்திரிப்பெட்டி கொதித்தால் துணி உடனே தீயும், நாமும் பதறி எடுத்துவிடுவோம். மிதமான பெட்டியை மறந்து வைத்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே நூல் செத்திருக்கும்.

பிறகு ஒரு சோதனை. கையில் ஒரு மெல்லிய நைலான் இழை வைத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க ஐயா. நான் பாதத்துல தொடும்போது 'ம்' சொல்லுங்க."

மூடினேன். காத்திருந்தேன். ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். எங்கேயோ ஆஸ்பத்திரி நடையில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. டாக்டர் வேறு ஏதாவது எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஆகிறதே என்று கண்ணைத் திறந்தேன்.

அவள் இழையை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டாள். இரண்டு காலிலும்.

இன்-ஜா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சர்க்கரை. நரம்பு போய்விட்டது. திரும்ப வராது என்றாள் டாக்டர், இருப்பதைக் காப்பாற்றலாம். விரல் நிற்குமா என்று ஒரு வாரம் பார்த்துச் சொல்வாளாம்.

டிசம்பர் 14

ஆக, ஷூ நல்ல ஷூ இல்லை. பாய்லரிலும் கோளாறு இல்லை.

டிசம்பர் 22

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தொடை வலிக்கிறது, விரல் வலிக்கவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரர் இரவெல்லாம் கால் வலியில் முனகுகிறார். அவர் மேல் எனக்குப் பொறாமை. இதை யாரிடம் சொல்வது?

ஜனவரி 8, ஞாயிறு

வீட்டில். குழு மலைக்குப் போயிருக்கிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காலில் போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கி-போம் வந்தான், துவைக்க வேண்டிய துணிகளோடு. காலைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

"உன் ஷூ மேல தப்பில்ல, கால் மேலயும் தப்பில்ல" என்றேன். "அன்னிக்கு உன்னைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெச்சேன். மன்னிச்சுக்க."

"அட விடுங்கண்ணே."

"என் சைக்கிளை நீயே எடுத்துக்க. சும்மா தொங்குது."

அவன் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து இன்-ஜாவின் குரல்: "அதைத் தொட்டா கை இருக்காது." அவனிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்தச் சைக்கிளைத் திட்டித் தீர்த்தவள் அவள்தான்.

அவன் போனதும் கேட்டேன், ஏன் என்று.

"அதையும் குடுத்துட்டு நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? என்னால முடியாது" என்றாள். அப்புறம் சமையலறையில் போய் அழுதாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் கேட்காது என்று நினைப்பு. காது நன்றாகத்தானே இருக்கிறது எனக்கு.

ஜனவரி 19

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. "உடம்பு சொல்றதைக் கேளு" — நான் சொன்னது. என் வாயால். உடம்பு எப்பவோ பேசுறதை நிறுத்திடுச்சு, நான் அதை ஷூவோட பெருமைனு நினைச்சுக்கிட்டிருந்தேன். போன வருசம் விரல் வலிச்சுச்சே, அதுதான் அது கடைசியாச் சொன்னதா? அன்னைக்குக்கூடக் குளிரைத்தானே திட்டினேன்.

மாத்திரை தவறுவதில்லை. பாக்கெட் காபி இல்லை. காலையிலும் மாலையிலும் பாதத்தைப் பார்க்கிறேன், கண்ணாடியைத் தரையில் வைத்து.

மார்ச் 5, ஞாயிறு

இன்று குழுவின் ஆண்டுத் தொடக்கப் பூசை. மலையடிவாரத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் மேசை போட்டு, படையலுக்குப் பன்றித்தலை, பழம், மக்கொல்லி. நான் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். சைக்கிள் இல்லாமல் அங்கே நின்று என்ன செய்ய?

காலையில் வெளியே வந்து பார்த்தால் கடை வேனின் பின்பக்கத்தில், சலவை உறை போட்ட கோட்டுகளுக்கு நடுவே, என் சைக்கிள். துடைத்து, காற்றடித்து வைத்திருந்தாள். டயரில் காற்று அதிகம், கல் மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை.

தலைவர் பாங் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மலையிடம் கேட்டார்: இந்தச் சக்கரங்கள் போய்த் திரும்ப வரட்டும் என்று. என் பெயரையும் சொன்னார். வழக்கம்போல நடுவில்தான், தனியாக எதுவும் சேர்க்கவில்லை. அதற்காக அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குனிந்து வணங்கி எழும்போது தடுமாறினேன். கி-போம் முழங்கையைப் பிடித்தான், பேச்சை நிறுத்தாமலே.

வண்டியில் இன்-ஜா நிபந்தனைகளைச் சொன்னாள். என்னை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். புண் முழுக்க ஆறிய பிறகுதான். தனியாகப் போகக்கூடாது. சூட்டுப்பட்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குளிர்காலமானால் பாதி மலை, அதுவும் அரைமணிக்கு ஒருமுறை நின்று —

"நின்னு என்ன பண்றது? எனக்குத்தான் தெரியாதே."

"குளிரு தெரியறவங்க கையால பாக்கச் சொல்லுங்க."

"யார்கிட்டப் போய் என் காலைத் தொடுன்னு கேக்கிறது?"

"அது உங்க பாடு" என்றாள். "மலை வேணுமா, வீம்பு வேணுமா, முடிவு பண்ணிக்குங்க."

செப்டம்பர் 24, ஞாயிறு

ஓட்டினேன். சமதரையில், ஏரியைச் சுற்றி. மிதிகட்டையில் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்துதான் வலிக்கிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

பனி பெய்து நின்ற காலை. உடுத்த முன்பைவிட அதிக நேரம் ஆகிறது இப்போது. மற்றதெல்லாம் பழையபடி: உள்சட்டை, கம்பளி, முன்பக்கம் மூடும் சட்டை. கால் மட்டும் என் கையில் இல்லை. நான் தரையில் உட்கார, இன்-ஜா எதிரில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம். காலுறையை உள்பக்கம் புரட்டித் தையல் உறுத்துமா என்று தடவினாள். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள், உள்ளே கைவிட்டுத் துழாவினாள். போன வருடம் நான் பெருமையடித்துக்கொண்ட அதே ரக ஷூ, இந்த முறை ஒரு அளவு பெரிதாக வாங்கியது.

வாசலில் நின்றேன். தோள் நடுங்கியது, காது சில்லிட்டது. அதுவரைக்கும் எனக்குச் செய்தி வருகிறது. போதும்.

பாதி மலையில் வளைவு ஒன்று இருக்கிறது, காற்று படாத இடம். எல்லோரும் கால் தட்டிக் குதித்தார்கள். நான் கி-போம் பக்கத்தில் போய் நின்றேன். ஏற்றம் முழுக்க இதை எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

"டேய், என் கால் குளிருதான்னு கொஞ்சம் பாரேன்."

அவன் கேலியாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்ல அவனுக்கு உரிமையும் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியில் மண்டியிட்டான். ஷூவைத் தளர்த்தி, வெறுங்கையைக் காலுறைக்குள் நுழைத்தான். தலைவர் பாங் வேறுபக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

"ஐஸ்கட்டிண்ணே" என்றான். "எறங்கிடுங்க."

உச்சி அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை, கால் சுகமாகத்தான் இருந்தது. சரி என்று திருப்பிக்கொண்டேன். கி-போமும் சைக்கிளைத் திருப்பினான். "நீ போடா" என்றால், "எனக்கும் விரல் விறைக்குதுண்ணே" என்றான். பொய்யாகக்கூட இருக்கலாம்.

அடிவாரத்தில் இன்-ஜா வேனில் காத்திருந்தாள். வெந்நீர்ப் பை, சூட்டுப்பட்டை எதுவும் இல்லை. பின்கதவைத் திறந்து, தொங்கும் கோட்டுகளை ஒதுக்கி என்னை உட்கார வைத்து, ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டாள். வைத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தாள், தோள் ஒருமுறை உதறியது.

"ரொம்பக் குளிருதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றாள். "உங்களுக்கு ரொம்பக் குளிருது."